மூன்று பொய்

பிரிந்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்று அவள் சொன்ன காலையில், அவள் கணவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பிரஷ் ஒரு நொடி நின்றது. பிறகு அதே வேகத்தில் ஓடியது. இரண்டாவது ஷூவையும் முடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"சரி. ஆனா எடுத்தோம் கவுத்தோம்னு எதுவும் வேண்டாம். முதல்ல ஒரு ஆலோசகரைப் போய்ப் பாரு. எங்க ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க. நம்பர் அனுப்பறேன்."

அவ்வளவுதான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கத்துவான், அழுவான், அவளுடைய அக்காவுக்குப் போன் போடுவான் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு வாரமாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். 'சரி' என்பதற்கு மட்டும் பதில் இல்லை. கல்யாணமான பதினான்கு வருஷத்தில் அவள் கேட்ட எதற்கும் அவன் முதல் தடவையிலேயே சரி சொன்னதில்லை. ஹால் திரைச்சீலையை மாற்றவே எட்டு மாதம் ஆனது. கல்யாணத்தையே முறித்துக்கொள்கிறேன் என்றால் மட்டும் ஒரு ஷூ துடைக்கும் நேரத்தில் சம்மதமா? அவன் அனுப்பிய நம்பர் பத்தாவது நிமிஷம் போனில் வந்து விழுந்தபோது அவளுக்குள் முதல் சந்தேகம் எழுந்தது. இவ்வளவு அவசரமாக அனுப்புகிறான் என்றால் அந்த ஆலோசகர் யாருடைய ஆள்?

அவள் வேலை பார்த்தது ஒரு பல் லேப்பில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகமும் பீங்கானுமாகச் செய்து திருப்பி அனுப்புவார்கள். அவளுடைய பங்கு கடைசிக் கட்டம். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப் பல்லின் நிறம் ஒத்துப்போக வேண்டும். மஞ்சள் ஓடிய வெள்ளை, சாம்பல் ஓடிய வெள்ளை, டீ குடித்துக் குடித்து மங்கிய வெள்ளை என்று வெள்ளையிலேயே பதினாறு வகை உண்டு. நிற அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள் என்பதால் லேப்பில் அவளுக்கு 'ஷேட் மேடம்' என்று பட்டம். "மேடம் கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாங்க, அவங்க பல்லைத்தான் பார்ப்பாங்க" என்பார் மெழுகு வேலை செய்யும் அண்ணன்.

அப்படிப்பட்ட கண் உள்ளவள், காலையில் கேஸை மூடினோமா என்று மூன்று தடவை மாடியேறிப் போய்ப் பார்ப்பவளாக ஆகியிருந்தாள்.

கணவன் லிஃப்ட் கம்பெனியில் பரிசோதனை மேற்பார்வையாளன். ஊர் ஊராகப் போய் லிஃப்டுகளைப் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற வேலை. கை நீட்டியதில்லை. குடித்ததில்லை. குரலை உயர்த்தியது கூட இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழக்கம். சொன்னதைச் சொல்லவில்லை என்பான். செய்ததைச் செய்யவில்லை என்பான். அதைக் கோபமாகச் சொல்ல மாட்டான், பரிதாபப்பட்டுச் சொல்வான்.

"என் அம்மா வியாழக்கிழமை வர்றாங்கன்னு நானா சொன்னேன்? புதன்னுதானேம்மா சொன்னேன். நீ பாவம், எதையோ நினைச்சுக்கிட்டு இருந்திருப்ப."

ஒருமுறை வீட்டுச் சாவியைக் காணவில்லை. அவள் தொலைத்துவிட்டாள் என்று முடிவாகி, பூட்டையே மாற்றினார்கள். நாலு மாதம் கழித்து அவனுடைய மழைக் கோட்டின் உள்பையில் அந்தச் சாவி கிடைத்தது. "நீதான் அதுல போட்டிருப்ப" என்றான். அவள் அந்தக் கோட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் அவன் சொன்ன விதத்தில், தொட்டிருப்போமோ என்று ஒரு வாரம் யோசித்தாள். நண்பர்கள் வந்தால் இதெல்லாம் சிரிப்புக் கதை. "எங்க வீட்ல சண்டையே வராதுப்பா. நேத்து நடந்தது அவளுக்கு இன்னைக்கு ஞாபகம் இருந்தாத்தானே!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

இதை வைத்துக்கொண்டு விவாகரத்து கேட்க முடியுமா? அக்காவிடம் சொன்னபோது அக்காவும் அதையேதான் கேட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். அடிபட்டவர்களைத் தினமும் பார்க்கிறவள். "அவர் உன்னை அடிக்கறாரா? வேற பொம்பளை இருக்காளா? ஞாபகம் இல்லன்னு சொல்றதுக்கெல்லாம் எவடி டைவர்ஸ் பண்ணுவா? முதல்ல அந்த ஆலோசகரைப் போய்ப் பாரு."

அக்காவும் அதையே சொன்னது அவளுக்கு உறுத்தியது. ஒருவேளை இவளுக்கும் போன் போட்டுவிட்டானோ?

ஆனாலும் போனாள்.

மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. கீழே பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை. ரப்பர் வாசனை மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தது. அறையில் இரண்டு நாற்காலிகள், கைக்கு எட்டும் இடத்தில் டிஷ்யூ பெட்டி. கடிகாரத்தை வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். ஆலோசகருக்கு மட்டும் மணி தெரிய வேண்டும், நமக்குத் தெரியக்கூடாது. இதுவே ஒரு தந்திரம்தானே என்று நினைத்தாள். ஆலோசகர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். முன்பல் ஒன்று கட்டிய பல். பக்கத்துப் பல்லைவிட ஒரு படி மஞ்சள். யாரோ அவசரத்தில் செய்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் ஆலோசகர். "உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கறது என் வேலை இல்ல. பிரிச்சு வைக்கறதும் இல்ல. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் அது பயத்துல எடுத்ததா இல்லாம நீங்களா எடுத்ததா இருக்கணும். அதுக்குத்தான் இந்த நேரம். இங்க பேசறது இந்த அறையைத் தாண்டிப் போகாது."

"என் வீட்டுக்காரர்தான் உங்க நம்பர் குடுத்தாரு."

"தெரியும். போன்ல சொன்னீங்களே."

சொன்னோமா? சொல்லியிருக்கலாம். அவளுக்கு நினைவில்லை. இவரும் ஆரம்பித்துவிட்டாரா?

மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஆலோசகர் அவளிடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். பக்கத்தை மூன்றாகக் கோடு போட வேண்டும். முதல் பகுதியில் என்ன நடந்தது, யார் என்ன வார்த்தை சொன்னார்கள் என்பது மட்டும். இரண்டாவதில் அப்போது மனதில் என்ன ஓடியது. மூன்றாவதைக் காலியாக விட வேண்டும். ஒரு வாரம் கழித்துப் படித்துவிட்டு அப்போது தோன்றுவதை எழுத வேண்டும்.

"எதுக்கு இது?"

"உங்க ஞாபகத்தை நீங்களே நம்பறதில்லைன்னு நாலு தடவை சொல்லிட்டீங்க. அது நிஜமா மோசமான ஞாபகமா, இல்ல நல்ல ஞாபகத்தை நம்பாமப் போயிட்டீங்களான்னு பார்ப்போம். எனக்காக இல்ல, உங்களுக்காக."

பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பகலில் பை லேப்பில் அவளுடைய லாக்கரில் இருக்கும். வீட்டில் படுக்கையறைக் கதவின் கொக்கியில் தொங்கும். டீ இடைவேளையிலும், மகள் சிட்டு டியூஷன் முடிந்து வரும் வரையிலும் எழுதுவாள். சிட்டுவுக்குப் பத்து வயது. வாய் ஓயாத பெண். "நீ என்னம்மா ஹோம்வொர்க் பண்ற?" என்று கேட்டாள். "ஆமாடி, உன்னைவிட எனக்குத்தான் ஜாஸ்தி" என்றாள் அவள்.

எழுத எழுத ஒரு விஷயம் தெரிந்தது. அவளுடைய ஞாபகத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. புதன் என்றானா வியாழன் என்றானா என்று இப்போது காகிதத்தில் இருந்தது. முதல் இரண்டு வாரத்திலேயே, சொல்லிவிட்டு இல்லையென்று அவன் மறுத்தவை ஒன்பது.

பத்தாவது சம்பவம்தான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவன் சிட்டுவின் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "இந்த வீட்ல யாரும் வாடகைக்கு இருக்கறவங்க இல்ல. எல்லாம் எல்லாருக்கும் சொந்தம். என்னம்மா?"

அவள் கை தட்டிலேயே நின்றது. சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பது போல இருக்கிறது என்று அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆலோசகரிடம் சொல்லியிருந்தாள். அதே வார்த்தை.

தற்செயல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு நாள் கழித்து, அவன் மழைக் கோட்டை மாட்டிக்கொண்டே, "அந்தச் சாவி விஷயத்தை இன்னும் மனசுல வெச்சிருக்கியா? சின்னக் குழந்தை மாதிரி" என்றான். சாவியைப் பற்றி அந்த வீட்டில் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஆலோசகரின் அறையில் பேசி ஆறு நாள்.

இரண்டும் அக்காவுக்கும் தெரியும். இரண்டும் நோட்டிலும் இருந்தன. ஆனால் நோட்டு அவளைவிட்டு நகர்ந்ததே இல்லை. அக்கா என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். மிச்சம் யார்? அவன் கொடுத்த நம்பர். அவன் ஆபீஸ் லிஸ்ட். அறையைத் தாண்டிப் போகாதாம்!

அன்றைக்கு லேப்பில் ஒரு பல்லுக்கு மூன்று தடவை நிறம் ஏற்றி மூன்று தடவையும் அழித்தாள். மெழுகு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், பல்லு யாரைக் கடிச்சுது?"

"அண்ணே, நம்ம லேப்ல ஒரு பல்லு தப்பாப் போச்சுன்னா, எந்த டேபிள்ல தப்பு நடந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அது சுலபம். மூணு டேபிளுக்கும் மூணு விதமா அடையாளம் போட்டு விடணும். எந்த அடையாளம் தப்பா வருதோ அந்த டேபிள்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவிடம், லேப்புக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்படி ஒரு வீடே இல்லை.

ஆலோசகரிடம், சிட்டு பள்ளிக்கூடம் முடிக்கும் வரை அவரோடேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்பும்படிதான் சொன்னாள். "வழக்கமா நீங்க ஒரு விஷயத்தைச் சொன்னா, யார் எங்க உட்கார்ந்திருந்தாங்க, கையில என்ன இருந்துச்சுன்னு எல்லாம் சொல்லுவீங்க," என்றார் ஆலோசகர். "இன்னைக்கு அது எதுவுமே வரலையே." தலைவலி என்று சொல்லிச் சமாளித்தாள். இவர் எதற்காக இவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்? நல்ல ஆலோசகர் என்பதாலா, செய்தி கொண்டுபோக வேண்டியிருப்பதாலா?

நோட்டில், வேறு ஊரில் இருக்கும் ஒரு பெரிய லேப்பிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் முதல் தேதி சேரச் சொல்கிறார்கள் என்று எழுதினாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அதை எழுதியது கணக்குக்காகத்தான். நோட்டின் மீது அவளுக்குச் சந்தேகமே இல்லை.

திங்கள்கிழமை காலை கணவன் பரிசோதனை வேலையாக வெளியூர் போனான். வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். பெட்டியை எடுத்து வைத்ததும் வண்டியில் ஏற்றிவிட்டதும் அவளேதான். புதிய பொய்யை அவள் நோட்டில் எழுதியது செவ்வாய்க்கிழமை, ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு.

வியாழக்கிழமை மதியம் லேப்பில் இருக்கும்போது போன் வந்தது. சாப்பிட்டாயா, சிட்டு என்ன செய்கிறாள் என்று விசாரித்துவிட்டுச் சொன்னான். "உன்னால தனியா வேற ஊர்ல எல்லாம் சமாளிக்க முடியாதும்மா. புது இடம், புது ஆளுங்க. உன் நிலைமைக்கு அது சரிப்பட்டு வராது. எதுவா இருந்தாலும் நான் வந்ததும் பேசிக்கலாம்."

"வேற ஊரா? யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நீதான் அன்னைக்குச் சொன்னியே."

போனை வைத்துவிட்டு மூன்று பொய்களையும் வரிசையாக எண்ணிப் பார்த்தாள். ஆலோசகர் இல்லை. அக்கா இல்லை. நோட்டு. ஆனால் அவன் இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிறான். நோட்டு லாக்கரில் இருக்கிறது. லாக்கர் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். மிச்சம் வீடு. வீட்டில் திங்களிலிருந்து இரண்டே பேர்.

அந்த இரண்டாவது பெயரை நினைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில், கதவு, ஜன்னல், பக்கத்து வீட்டுக்காரர், கேமரா என்று என்னென்னவோ யோசித்தாள். அவன் எங்கேயாவது கேமரா வைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்று கூட வேண்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வழக்கம் போலக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் நூறு வரை எண்ணினாள். பிறகு கதவைத் திறந்து, வெறும் காலோடு நடந்து வந்தாள்.

படுக்கையில் நோட்டு விரிந்து கிடந்தது. சிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, பாடத்துக்காக வாங்கிக் கொடுத்த டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கத்துக்கு நேராகச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாக்கின் நுனியைக் கடித்தபடி, படம் வரையும்போது செய்வதைப் போலவே.

அம்மாவைப் பார்த்ததும் அவள் ஒளிக்கவில்லை. முகம்தான் கொஞ்சம் வாடியது. "ஐயோ, நீ பார்க்கக் கூடாதும்மா. பார்த்துட்டா பலிக்காதுன்னு அப்பா சொன்னாரு."

"என்னடா பலிக்காது?"

"மருந்து. உனக்கு மறதி வியாதியாம்ல. நீ எழுதறதை எல்லாம் அந்த டாக்டர் பார்க்கணுமாம். நீ குடுக்க வெக்கப்படுவியாம். அதனால நான் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினா, அப்பா டாக்டருக்கு அனுப்பிடுவாராம். அப்போ உனக்குச் சரியாயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "நான் படிக்கலம்மா. சத்தியமா. படிக்கக் கூடாதுன்னு சொன்னாரு. ஆனா வாடகைன்னு ஒரு இடத்துல இருந்துச்சு. நாம வீடு மாத்தறோமா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாய் உள்ளே ஓடிக்கொண்டேயிருந்தது. டேப்லெட்டில் நாற்பத்தொரு படம் இருந்தது. எல்லாம் நேராக, வெளிச்சம் சரியாக, ஒரு வரி கூட வெட்டுப்படாமல்.

"நீ நல்லாத்தான் எடுத்திருக்க," என்றாள். "ஆனா எனக்கு வியாதி எதுவும் இல்லடா. நீ தப்பு பண்ணலை. இனிமே எடுக்க வேண்டாம்."

லேப்புக்கு லீவு சொல்லிவிட்டு ஆலோசகருக்குப் போன் செய்தாள். பதினொரு மணிக்கு வரச் சொன்னார். டயர் பட்டறையைத் தாண்டி மாடியேறும்போது மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். பொய் சொன்னதை, சந்தேகப்பட்டதை, எல்லாவற்றையும் கொட்டினாள். ஆலோசகர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், என்னவோ தோன்றி, அவளே கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் உங்களுக்கு எப்பவாவது போன் பண்ணினாரா?"

ஆலோசகர் பதில் சொல்ல ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மூச்சே போதுமாக இருந்தது.

"ரெண்டு தடவை. ஒரு மாசத்துக்கு முன்னாடி. உங்களுக்கு மறதி நோய் இருக்கு, நீங்க சொல்றதை நம்பாதீங்கன்னு சொன்னார். யார் இங்க வர்றாங்க, வரலைன்னு கூட நான் பேச மாட்டேன்னு சொல்லி வெச்சுட்டேன். ஒரு வார்த்தை வெளிய போகல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வர்றதையே நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். தப்பு. சொல்லியிருக்கணும்."

"எனக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." "அவரும் அதைத்தான் மேடம் பண்றாரு. பதினாலு வருஷமா."

"ஆமா," என்றார் ஆலோசகர். "நான் செஞ்சதும் அதேதான். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன். வேற ஒருத்தர்கிட்ட போகணும்னு தோணினா, நானே ரெண்டு மூணு பேரைச் சொல்றேன்."

அவள் ஒன்றைக் கவனித்தாள், நான் அப்படிச் செய்யவே இல்லை என்று இவர் சொல்லவில்லை. யாராவது ஒரு ஆள், நேருக்கு நேர், ஆமாம் நான்தான் செய்தேன் என்று சொல்லிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் தீரவில்லை. எழுந்து போகவும் இல்லை.

மீதி நேரத்தில் சாயங்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். அவனிடம் பேசும்போது யார் கூட இருக்க வேண்டும், குழந்தை எங்கே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் இரவு தங்க இடம் உண்டா. சிட்டுவை அக்கா வீட்டில் விட்டுவிடுவது நல்லது என்றார் ஆலோசகர். சரி என்றுதான் அவளும் கிளம்பினாள்.

ஆனால் அவன் ஆறு மணிக்கு வர வேண்டியவன் நாலரைக்கே வந்துவிட்டான். சிட்டு அப்போதுதான் பள்ளிக்கூடப் பையை இறக்கிக்கொண்டிருந்தாள். அக்கா டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா பார்த்துட்டாங்க," என்று சிட்டுவே ஆரம்பித்துவிட்டாள். "அதனால மருந்து பலிக்காதா?"

அவன் பெட்டியைச் சுவரோரம் வைத்தான். மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மேஜையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தான். முகத்தில் அந்தப் பரிதாபம் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அது மனைவியைப் பார்த்து வரவில்லை.

"என்ன மருந்துடா கண்ணா?"

"நீங்கதான் சொன்னீங்களே. அம்மா எழுதறதை போட்டோ எடுத்து..."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே." குனிந்து அவள் தலையைத் தடவினான். "நீயா ஏதோ விளையாட்டா அனுப்பிட்டு இருந்த. நான் கூட எதுக்கு இதெல்லாம்னு நினைச்சேன். நீ பாவம், எதையோ நினைச்சுக்கிட்டு இருந்திருப்ப."

சிட்டு வாயைத் திறந்தாள். மூடினாள். கண் ஒருமுறை மேலே போய், எதையோ தேடிவிட்டுக் கீழே வந்தது. எப்போதும் ஓயாத வாய் ஓய்ந்திருந்தது. "நான்..." என்றாள். "நான் தப்பா..."

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். புதனா வியாழனா என்று தேடிய முகம். மழைக் கோட்டைத் தொட்டிருப்போமோ என்று ஒரு வாரம் யோசித்த முகம். பத்து வயதில் அது வந்திருந்தது.

பதினான்கு வருஷம் அவளுக்கு நடந்ததற்கு விவாகரத்து கேட்கலாமா, கூடாதா என்று அவள் ஏழு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தாள். இதற்கு ஏழு நொடி கூட ஆகவில்லை.

அவள் போய் மகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "சிட்டு, என்னைப் பாரு. நீ தப்பா நினைக்கல. அப்பா சொன்னாரு. நீ சரியாத்தான் ஞாபகம் வெச்சிருக்க."

"குழந்தை முன்னாடி என்ன பேசற நீ?" அவன் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "அதை வேற கெடுக்கணுமா? அந்தப் பொம்பளை உன்னை நல்லாத் தூண்டி விட்டிருக்கா."

"அந்தப் பொம்பளை நம்பரைக் குடுத்தது நீங்க."

"நான் குடுத்தேனா? நீதானே..." என்று ஆரம்பித்தவன், அவள் போனை எடுத்து அவன் அனுப்பிய செய்தியைக் காட்டவும் நிறுத்தினான். பிறகு சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அக்கா வந்து அழைப்பு மணியை அடித்தபோது அவள் இரண்டு பைகளைக் கட்டி முடித்திருந்தாள். வாசலிலேயே சிட்டு பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அக்கா அவனைப் பார்த்தாள். "நாப்பத்தொரு போட்டோவா?" என்று மட்டும் கேட்டாள். அவன் அக்காவிடம் ஏதோ விளக்க வாயெடுத்தான். "வேண்டாங்க. எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள். தெருமுனைக்கு வந்ததும் சொன்னாள். "அடிக்கறாரான்னு உன்னைக் கேட்டேனேடி. மன்னிச்சுக்கோ."

வழக்கு முடிய பதினாறு மாதம் ஆனது. சுலபமாக முடியவில்லை. அவளுக்கு மறதி நோய் என்று அவன் தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் பரிசோதித்து, அப்படி ஒன்றும் இல்லை என்று சான்று தந்தார். நோட்டை நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கவில்லை. டேப்லெட்டில் அவன் மகளுக்கு அனுப்பிய செய்திகளே போதுமானதாக இருந்தன. சிட்டு அவளோடு இருக்க வேண்டும் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கலாம் என்றும் தீர்ப்பாயிற்று.

ஆலோசகரிடம் இரண்டு மாதம் போகவில்லை. பிறகு போனாள். என்னைப் பற்றி யார் பேசினாலும் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முழுக்க நம்பினாளா என்றால் இல்லை. அதை அவரிடமே சொன்னாள். "முழுக்க நம்ப வேண்டாம். உங்க கண்ணு நல்ல கண்ணு. அதை மூடச் சொல்றது என் வேலை இல்ல" என்றார் அவர். சந்தேகம் நோயாக எப்போது ஆகிறது, காவலாக எப்போது இருக்கிறது என்பதைப் பற்றித்தான் அந்த வருஷம் பெரும்பாலும் பேசினார்கள். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்க அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது. சிட்டுவும் குழந்தைகளுக்கான வேறொரு ஆலோசகரிடம் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கடினம். அப்பாவோடு போய்விட்டுச் சாயங்காலம் சிட்டு படியேறி வருவாள். அவன் என்ன கேட்டான், என்ன சொன்னான், நம்மைப் பற்றி எதையாவது பிடுங்கப் பார்த்தானா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வரும். முதல் சில வாரம் பாத்திரம் தேய்ப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஒரு ஞாயிறு சிட்டு செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"ஏம்மா, நான் போய்ட்டு வந்தா நீ ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற? என் ஃப்ரெண்டோட அம்மா எல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கேட்க வேண்டியது மனதில் ஏழெட்டு இருந்தது.

"கேட்டா நீ சொல்லியே ஆகணும்ல. அதனாலதான். உனக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லு. இல்லேன்னா வேண்டாம்."

சிட்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "இன்னைக்குச் சொல்லணும்னு தோணல," என்றாள்.

"சரி. பசிக்குதா?"

"ரொம்ப."

சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் மகளின் முகத்தைப் படிக்காமல் இருக்க முயன்றாள். முழுக்க முடியவில்லை. ஆனால் எதையும் கேட்கவில்லை.